கோரைத்திட்டுக்கு வந்த சின்ன மாத்திரை

கோரைத்திட்டில் குளிர்காய்ச்சலை அடியோடு ஒழிப்பதற்கு அமெரிக்காவிலிருந்து பணம் வந்தது. தகர டப்பாக்களில் மாத்திரை வந்தது. மோட்டார் வைத்த படகு ஒன்று வந்தது. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க டாக்டர் வில்லட் என்கிற, ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளைக்காரர் ஒருவரும் வந்தார். ஒவ்வொரு வாயிலும் மாத்திரையைப் போட்டு, விழுங்கியாயிற்றா என்று பார்க்கிற வேலைக்கு மட்டும் கடலூர் ஆளே போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆள் லூர்துசாமி.

லூர்துசாமி மலேரியா ஒழிப்பு இலாகாவில் இன்ஸ்பெக்டர். கடலூர் முதுநகரில் பிறந்தவன். இஸ்திரி போட்ட சட்டையும், பையில் இரண்டு பேனாவுமாகப் படகிலிருந்து இறங்கி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் நடந்து வருவான். எதையும் விதிப்படி செய்கிறவன். விதியில் இல்லாததைச் செய்யச் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலைக்கு வசதியாக மனைவி பாத்திமா மேரியுடன் சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்குக் குடியிருந்தான்.

கோரைத்திட்டு என்பது பிச்சாவரத்து உப்பங்கழியில் சுரபுன்னைக் காட்டைத் தாண்டிக் கடலுக்குப் பக்கமாகக் கிடக்கிற மணல்மேடு. நாற்பது ஐம்பது குடிசை. எல்லோரும் மீன்பிடிக்கிறவர்கள். வருஷம் தவறாமல் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் குளிர்காய்ச்சல் வந்து, பாதி ஊரைப் பாயில் போட்டுவிடும். தென்னாற்காடு முழுக்கச் சுவர் சுவராக டி.டி.டி. மருந்து அடித்துக் காய்ச்சலைக் குறைத்துவிட்ட இலாகாவுக்குக் கோரைத்திட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே சுவரே இல்லை. கீற்றுத் தட்டிதான். அதற்குள்ளும் யாரும் படுப்பதில்லை. ஊரே வெளியில் மணலில்தான் தூங்கியது.

டாக்டர் வில்லட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நான்கு பக்கமும் தண்ணீர். வெளியாள் வருவது குறைவு. இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நாளில், காய்ச்சல் உள்ளவர் இல்லாதவர் என்று பார்க்காமல் மாத்திரை கொடுத்துவிடுவது. மறுவாரம் மறுபடி. அதற்கடுத்த வாரம் மறுபடி. மழை பிடிக்கும்வரை இப்படியே போனால் யார் ரத்தத்திலும் கிருமி மிஞ்சாது. கொசு கடித்தாலும் இன்னொருவனுக்குக் கொண்டுபோகச் சரக்கு இருக்காது. இதை அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, லூர்துசாமி தமிழில் சொன்னான். ஊர்த் தலைவரான நாட்டார் சடையப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் முறை. உச்சி வெயிலில் மூன்று பாய்த்துணியைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க, "எனக்கு ஒண்ணுமில்ல சார், லேசா வாதக் காத்து" என்றார். தலையாட்டினாரா, நடுங்கினாரா என்று டாக்டருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

முதல் வாரம் திருவிழா மாதிரி நடந்தது. மாரியம்மன் கோயிலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் மேஜை போட்டார்கள். டாக்டரே முதலில் விழுங்கிக் காட்டினார். கஞ்சி குடித்துவிட்டு வந்து எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மாத்திரை இரண்டு வகை. பெரியது வெள்ளை, குடலைப் புரட்டும் கசப்பு. அது ரத்தத்தில் ஓடும் கிருமிக்கு. சின்னது செங்கல் நிறம். அது ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கு. சின்ன மாத்திரைக்கு ஒரு விதி இருந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பெண்ணையும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

லூர்துசாமி தகர டப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "முழுவாம இருக்கீங்களா?"

விதி என்றால் விதி. கன்னிப்பெண்ணையும் கேட்டான். பல் போன பட்டம்மாளையும் கேட்டான். "எங்கேப்பா, அவரு போயிச் சேந்து இருவது வருசமாவுதே!" என்று பட்டம்மாள் சொன்னதும் வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் காது சிவந்தது.

மாரியம்மாள் என்கிற சின்னப் பெண் மட்டும் தலையைக் குனிந்து "ஆமா" என்றாள். அவளுக்கு வெள்ளை மாத்திரை மட்டும் கொடுத்து, சின்னதை எடுத்து டப்பாவில் போட்டான். பின்னால் நின்ற அவள் புருஷன் குப்பு, படகோட்டி, எதையும் ஆராய்ந்து பார்க்கிறவன், முன்னால் வந்தான்.

"எல்லாருக்கும் ரெண்டு குடுத்தீங்க. எம் பொண்டாட்டிக்கு மட்டும் ஏன் சார் ஒண்ணு?"

"சின்னது புள்ளத்தாச்சிக்கு ஆவாது. உள்ள இருக்கற கொழந்தைக்கு ஆவாது."

அவ்வளவுதான் அவன் சொன்னது. சொன்னதும் உண்மை. ஆனால் அந்த வார்த்தை மேஜையடியிலிருந்து எழுந்து ஊருக்குள் போனபோது சும்மா போகவில்லை. வலை காய்கிற இடத்தில், சின்ன மாத்திரை கருவைக் கலைக்கும் என்று ஆயிற்று. தண்ணீர் எடுக்கிற இடத்துக்குப் போனபோது, சாப்பிட்டவளுக்கு இனிமேல் கருவே தங்காது என்று ஆயிற்று. குப்பு மீன் ஏற்றிக்கொண்டு கிள்ளைக்குப் போய்த் திரும்பும்போது மீதியையும் கொண்டுவந்தான். புவனகிரிப் பக்கம் குடும்பக் கட்டுப்பாடு என்று சொல்லி ஆண்பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். வெள்ளைக்கார டாக்டர் கிள்ளைவரை வருவதும் ஜீப்பில்தான். இதற்குமேல் என்ன ருசு வேண்டும்?

இரண்டாம் வாரம் லூர்துசாமி மட்டும் வந்தான். மேஜை போட்டான். டப்பாவைத் திறந்தான். ஒரு ஆடு வந்து மேஜைக்காலை முகர்ந்துவிட்டுப் போயிற்று. வேறு யாரும் வரவில்லை.

வெகுநேரம் கழித்துச் சடையப்பனும் குப்புவும் இன்னும் சில ஆண்களும் வந்தார்கள். பெண்கள் தள்ளிக் கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சடையப்பனின் மனைவி வேலம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் விலை சொன்னால் மறுவிலை கேட்க வக்கீல்களும் யோசிப்பார்கள்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க," என்று சடையப்பன் இழுத்தார். "ஊருல என்னென்னமோ பேசிக்கிறாங்க..."

"என்னாத்துக்கு மாமா சுத்தி வளைக்கிற?" என்றான் குப்பு. "சார், கொசு கடிக்கிறது கையில. நீங்க மாத்திரை போடச் சொல்றது வயித்துல. வயித்துல என்னா வேலை ஒங்களுக்கு?"

லூர்துசாமி விளக்கினான். ரத்தம், ஈரல், கிருமி, கொசு எல்லாவற்றையும் சரியான வரிசையில் சொன்னான். வரிசை சரியாக இருந்ததே தவிர யாருக்கும் அது போய்ச் சேரவில்லை. "கொழந்தைக்கு ஆவாதுன்னு நீங்களேதான சொன்னீங்க?" என்று ஒவ்வொரு சுற்றிலும் குப்பு அதே இடத்தில் வந்து நின்றான்.

வேலம்மாள் முன்னால் வந்தாள். "தம்பி, ஒனக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?"

"ஆச்சு."

"புள்ள இருக்கா?"

"இன்னும் இல்ல. மூணு மாசந்தான் ஆவுது."

"புள்ள வேணுந்தான?"

அவன் காது சிவந்தது. "வேணாம்னு யாரு சொன்னா?"

"அப்ப ஒண்ணு சொல்றேன். இந்தச் சின்ன மாத்திரைய ஒம் பொண்டாட்டிக்குக் குடுப்பியா?"

யோசிக்க நேரமில்லை. யோசித்தால் குப்பு அதையும் ருசுவாக எடுத்துக்கொள்வான். "குடுப்பேன்!" என்று கத்தினான்.

"கூட்டியா. அவ எங்க கண்ணு முன்னால வாரா வாரம் முழுங்கட்டும். நாங்களும் முழுங்கறோம். புதுசாக் கண்ணாலம் கட்டுனவ, புள்ள வேணும்னு இருக்கறவ, கெடுதல்னா முழுங்குவாளா?" வேலம்மாள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "என்னாடி சொல்றீங்க?"

பெண்கள் சரி என்றார்கள். ஆண்களை யாரும் கேட்கவில்லை.

கிள்ளையில் காத்திருந்த டாக்டர் வில்லட்டுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. லூர்துசாமியின் தோளில் ஓங்கி அடித்துப் பாராட்டினார். சிதம்பரம் திரும்புகிற பஸ்ஸில் லூர்துசாமிக்குத் தோள்வலியைவிடப் பெரிய கவலை இருந்தது. வீட்டில் எப்படிச் சொல்வது?

பாத்திமா மேரி கடலூரில் ஒரு கம்பவுண்டரின் மகள். அப்பா கலக்கிய மருந்து வாசனையிலேயே வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன் கான்வென்ட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். இப்போது சந்து வீட்டில் பகல் முழுதும் பேச ஆளில்லாமல் இருந்தாள். சனிக்கிழமை ஆனால் மாமியார் சவரிமேரி கடலூரிலிருந்து வருவார். வாசற்படி ஏறும்போதே மருமகளின் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார்.

சாப்பாடு முடிகிறவரை காத்திருந்து லூர்துசாமி விஷயத்தைச் சொன்னான். மேரி தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து கேட்டாள்.

"என்னைக் கேக்காம, நான் முழுங்குவேன்னு ஊரு நடுவுல சொல்லிட்டு வந்துட்டீங்க?"

"வேற என்ன சொல்றது மேரி? அந்தம்மா அப்படிக் கேட்டுது."

"அந்த வெள்ளைக்கார டாக்டரு சம்சாரம் முழுங்க மாட்டாங்களா?"

"அவுங்க அமெரிக்காவுல இருக்காங்க."

"வசதிதான்," என்றாள் மேரி. பிறகு கேட்டாள். "நெசமாவே கெடுதல் இல்லியே?"

"முழுவாம இருந்தாத்தான் கூடாது. மத்தபடி ஒண்ணும் பண்ணாது. நான் ஒன்கிட்ட பொய் சொல்லுவனா?"

"சொல்ல மாட்டீங்க. ஒங்களுக்கு வராது." அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வர்றேன். ஒரே ஒரு கண்டிசன். ஒங்கம்மாவுக்கு இந்த மாத்திரை சமாச்சாரம் தெரியக் கூடாது. தெரிஞ்சிது, அவுங்க என்னை வேளாங்கண்ணிக்கு நடந்தே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

லூர்துசாமி உடனே ஒப்புக்கொண்டான்.

மேரிக்கு அதுவரை படகு பழக்கமில்லை. மோட்டார் படகு என்றதும் டாக்டர் பெருமையாக அவளை முன்னால் உட்காரவைத்தார். கழிக்குள் பாதி தூரம் போனதும் மோட்டார் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. அடியில் பழைய வலைத்துண்டு சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு அதோடு மல்லாடினார். அவர் ஒவ்வொரு தடவை குனியும்போதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிரும்போது மறுபக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கமாக வந்த குப்பு, மோட்டாரைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். அவன் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க லூர்துசாமிக்குப் பொறுக்கவில்லை.

இந்த ஆட்டத்தில் மேரியின் முகம் வெளுத்துவிட்டது. கோரைத்திட்டில் கால் வைத்தாள். பூவரச மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. நான்கு எட்டு நடந்தவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் ஒரு தாழம்புதர் ஓரத்தில் வாந்தி எடுத்தாள்.

"அடி ஆத்தே!" என்றாள் பட்டம்மாள். "பொண்ணு முழுவாம இருக்குதுடி!"

பெண்கள் குலவை போடாத குறைதான். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி முதுகைத் தடவினாள். லூர்துசாமி மேஜைக்குப் பக்கத்தில் மரம்போல் நின்றான். அவனுக்கும் அது நிஜமாக இருக்குமோ என்று ஒரு கணம் நெஞ்சு குதித்தது. அடுத்த கணமே விதி ஞாபகம் வந்தது. உண்மையென்றால் சின்ன மாத்திரை கொடுக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் ஊர் நம்பாது. கொடுத்தால் தன் பிள்ளைக்கு ஆகாது. அவன் கையிலிருந்த மாத்திரை வியர்வையில் ஊறிச் செங்கல் நிறம் விரலில் ஒட்டியது.

"ஏன் சார் நிக்கிறீங்க? குடுங்க," என்றான் குப்பு, மெதுவாக.

மேரி முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். நேராக வேலம்மாளிடம் போய், அவள் காதில் ஏதோ சொன்னாள். வேலம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! ஒண்ணும் இல்ல! முந்தாநேத்துதான் தலைக்கு ஊத்திக்கிச்சாம். இது படகு ஆட்டம்!"

பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். "என்ன சிரிப்பு?" என்று டாக்டர் கேட்டார். லூர்துசாமி கேட்காததுபோல் இருந்துவிட்டான்.

மேரி மேஜைக்கு முன் வந்து நின்றாள். "எல்லாரையும் கேக்கறீங்களே, என்னையும் கேளுங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "அப்பத்தான் நம்புவாங்க."

"முழுவாம இருக்கியா?"

"இல்ல."

அவள் இரண்டு மாத்திரையையும் வாங்கி, வேலம்மாள் நீட்டிய சொம்பை வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டு, தண்ணீரில்லாமல் ஒரே விழுங்காக விழுங்கினாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. கம்பவுண்டர் வீட்டு வளர்ப்பு. வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முதல் வாரம் அந்தக் கசப்பைக் கடித்து, துப்பி, அழுது, நாக்கை வழித்து விழுங்கியவர்கள் அவர்கள். இது அவர்களுக்குப் பெரிய வித்தையாகத் தெரிந்தது. வேலம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். தானும் தண்ணீரில்லாமல் விழுங்கிப் பார்த்தாள். மாத்திரை தொண்டையில் நிற்க, கண்ணில் நீர் தளும்ப, சைகையால் சொம்பைக் கேட்டாள். அன்றைக்குக் குப்புவைத் தவிர ஊரில் ஒருவர் பாக்கியில்லை. மாரியம்மாள் போய் அவன் காதருகே என்னவோ சொன்னாள். அவனும் வந்து வாயைத் திறந்தான்.

அதற்குப் பிறகு வாரா வாரம் மேரி வந்தாள். வாந்தி நிற்கக் குப்புவே வழி சொன்னான்: தண்ணியப் பாக்காதீங்க, எட்டத்துல மரத்தப் பாருங்க. பிள்ளைகளின் கசப்புக்கு அவள் சிதம்பரத்திலிருந்து தேங்காய் மிட்டாய் வாங்கிவந்தாள். மாத்திரை நாளுக்கு மிட்டாய் நாள் என்றே பெயர் மாறிவிட்டது. வேலம்மாளிடம் நண்டு கழுவக் கற்றுக்கொண்டாள். நண்டும் அவளுக்கு ஒன்றிரண்டு தடவை கற்றுக்கொடுத்தது. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள்.

ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது வேலம்மாள் தானாகவே சொன்னாள். அவளுக்கு ஒரு மகள் இருந்தாளாம், சின்னப்பிள்ளை என்று பெயர். போன வருஷம் ஐப்பசியில் மூன்று முறை குளிர் வந்து, நாலாம் முறையில் கண்ணைத் திறக்கவில்லையாம். கழியில் வெள்ளம். படகு தள்ள முடியவில்லையாம்.

"குப்பு என்னா வேணா பேசுவான். ஒவ்வொரு வருசமும் ஒண்ணைப் பொதைச்சிக்கிட்டே, புள்ள பொறக்காமப் பூடுமோன்னு பயப்படறோம் பாரு," என்றாள். அடுப்பை ஊதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கி ஒன்னக் கூட்டியாரச் சொன்னது ஊருக்காவத்தான். எனக்கு ஒண்ணும் வேண்டியிருக்கல. நான் எப்பவோ முழுங்கத் தயாரு."

மேரி கழுவிய நண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்தது. இந்நேரத்துக்கு வழக்கமாகப் பாதி ஊர் படுத்திருக்கும். இந்த வருஷம் பாய் விரிக்க ஆளில்லை. சடையப்பனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த நடுக்கம் நின்றுபோனது. பாய்த்துணி மூன்றையும் படகில் கட்டிவிட்டார். மாத்திரையால் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "காத்து மாறிடுச்சி" என்றார்.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம் மேரி வரவில்லை. தலைவலி என்றாள். லூர்துசாமி தனியாக வந்து இறங்கியதும் ஊரே அவன் முதுகுக்குப் பின்னால் தேடியது. மிட்டாயும் இல்லை என்று தெரிந்து பிள்ளைகள் அழுதார்கள். ஏற்கெனவே பழகிவிட்டதால் முனகிக்கொண்டாவது விழுங்கினார்கள். "கடைசி வாரமும் வரலன்னா நானு முழுங்க மாட்டேன்," என்று வேலம்மாள் மட்டும் எச்சரித்தாள்.

கடைசி வாரம் டாக்டரும் வந்தார். மேரியும் வந்தாள். மேஜைக்கு முன்னால் முதல் ஆளாக எப்போதும்போல் அவள் நின்றாள். லூர்துசாமி டப்பாவைத் திறந்து, பழகிப்போன குரலில், தலையைத் தூக்காமல் கேட்டான்.

"முழுவாம இருக்கியா?"

"ஆமா."

"அப்ப சின்னது வேணாம். வெள்ளை மட்டும் போட்டுக்கிட்டுத் தள்ளி நில்லு. அடுத்தது யாரு?"

அடுத்து நின்றது வேலம்மாள். அவள் நகரவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்துசாமி தலையைத் தூக்கினான். வேலம்மாளைப் பார்த்தான். மேரியைப் பார்த்தான். அவள் மணலைக் கால்விரலால் கீறிக்கொண்டு, சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு நின்றாள். அவன் கையிலிருந்த டப்பா சாய்ந்து மாத்திரைகள் மேஜையில் உருண்டன.

"என்னா சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

"எப்போ?"

"போன வாரமே சந்தேகந்தான். அதான் வரல."

அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. பெண்கள் போட்ட குலவைச் சத்தத்தில் கோயில் மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. பட்டம்மாள், "நான் அன்னிக்கே சொன்னனே!" என்று எல்லோரையும் இழுத்து இழுத்துச் சொன்னாள். வேலம்மாள் குப்புவின் பக்கம் திரும்பினாள்.

"டேய் குப்பு! இத்தினி வாரமும் அந்தச் சின்ன மாத்திரையத்தான முழுங்குச்சி இந்தப் பொண்ணு? இப்ப என்னா சொல்ற?"

குப்பு ஆராய்ந்து பார்த்தான். "அப்ப அதுல வேற என்னமோ இருக்குது அத்தை," என்றான். "எம் மச்சான் பழனிவேலுக்கு ஆறு வருசமாப் புள்ள இல்ல. அவனுக்கு ரெண்டு வாங்கிக் குடுக்கலாமா சார்?"

டாக்டர் வில்லட் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்காவது மயக்கமா, ஒவ்வாமையா என்று கவலையோடு கேட்டார். லூர்துசாமி வாயைத் திறந்தான். இங்கிலீஷ் வரவில்லை. மேரியே கான்வென்ட் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் ஒரு கூச்சல் போட்டு லூர்துசாமியின் தோளில் அடித்த அடியில் அவன் மேஜைமேல் சாய்ந்தான். அப்புறம் அவனைக் கொஞ்சம் தனியே கூட்டிக்கொண்டு போய், அவள் கடைசியாக எப்போது விழுங்கினாள் என்று விசாரித்தார். யோசித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, இனிமேல் மட்டும் வேண்டாம் என்றார். லூர்துசாமி அதை அவர் வாயால் இரண்டு தடவை சொல்லக் கேட்டபிறகுதான் டப்பா பக்கம் போனான்.

திரும்புகிற படகில் அவன் அவள் பக்கம் திரும்பாமல் மீந்த மாத்திரைகளை எண்ணிக்கொண்டு வந்தான்.

"கோவமா?" என்றாள் மேரி.

"ஒரு ஊரே நின்னு கேக்கற எடத்துலயா சொல்லுவ?"

"நீங்கதான கேட்டீங்க. வீட்டுல ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

அவனுக்குக் காது சிவந்தது. கொஞ்ச தூரம் போனபிறகு, டாக்டர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அதற்கு எங்கேயும் விதி எழுதியிருக்கவில்லை.

கிள்ளையில் இறங்கும்போதுதான் அவனுக்கு அடுத்த பயம் வந்தது. நாளைக் காலை வேலம்மாள் கூடையோடு சிதம்பரம் மார்க்கெட்டுக்கு வருவாள். கடலூரிலிருந்து அங்கே வந்துபோகிறவர்கள் எத்தனையோ பேர். மருமகள் முழுவாம இருப்பது அம்மாவுக்கு ஒரு மீன்காரி மூலம் தெரிந்தால் அவ்வளவுதான். இருவரும் சிதம்பரத்தில் வீட்டுக்குக்கூடப் போகாமல் கடலூர் பஸ் ஏறினார்கள். சவரிமேரி பேரப்பிள்ளை விஷயத்தைக் கேட்டு அழுதார், மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார், மகனைக் கட்டிக்கொண்டார். எல்லாம் முடிந்தபிறகு, "இந்த வேளைகெட்ட நேரத்துல, ஒடம்பெல்லாம் சேறும் நண்டு நாத்தமுமா எங்கேருந்துடா வர்றீங்க?" என்று கேட்டார். "கிள்ளைக்கு நண்டு வாங்கப் போனோம் அத்தை," என்று மேரி சமாளித்தாள்.

அந்த வருஷம் கோரைத்திட்டில் குளிர்காய்ச்சலில் யாரும் சாகவில்லை. மறுவருஷம் விரல் குத்தி எடுத்த ரத்தத்திலும் கிருமி அகப்படவில்லை. டாக்டர் வேறு தேசத்துத் தீவுக்குப் போய்விட்டார். மாரியம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மேரிக்கு வைகாசியில் கடலூரில் பெண் குழந்தை பிறந்தது.

ஞானஸ்நானத்துக்குக் கோரைத்திட்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். செருப்பை எங்கே விடுவது, எங்கே நிற்பது என்று தெரியாமல் மாதா கோயில் வாசலில் தயங்கினார்கள். பட்டம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று கற்பூரம் கொண்டுவந்திருந்தாள். வேலம்மாள் கொண்டுவந்த கருவாட்டுக் கூடையை உள்ளே விடுவதா வேண்டாமா என்று கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசனை பீடம்வரை போய்விட்டது. மேரி எழுந்து வந்து வேலம்மாளின் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப்போய்த் தன் மாமியார் பக்கத்தில் உட்காரவைத்தாள். குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டாள்.

"என்னா பேரு வைக்கப் போறீங்க?" என்று வேலம்மாள் கிசுகிசுத்தாள்.

"ரோஸ்மேரி," என்றார் சவரிமேரி.

வேலம்மாள் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "நான் சின்னப்பிள்ளைன்னு கூப்பிட்டுக்கறேன்," என்றாள், குழந்தையின் நெற்றியை விரலால் தடவிக்கொண்டே. "ஒங்களுக்கு ஒண்ணும் மனத்தாங்கல் இல்லியே?"

சவரிமேரி அவள் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, "அதுக்கென்ன, கூப்பிடுங்க," என்றார். பிறகு இருவரும் குழந்தை யார் ஜாடை என்று தாழ்ந்த குரலில் சண்டை போடத் தொடங்கினார்கள். பாதிரியார் ஜெபத்தை நடுவில் நிறுத்திவிட்டு அவர்கள் முடிப்பதற்காகக் காத்திருந்தார்.